புழுரோஜாக்காரர்

மே மாதம் பிறந்துவிட்டால் நாற்பத்தேழாம் நம்பர் பஸ், நிறுத்தமே இல்லாத இடங்களில் நிற்கும். ஒரு பால்பண்ணையின் வாசல், ஆற்றுப் பாலத்தின் மேற்குக் கரை, மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க். டிரைவர் தூரே கதவைத் திறந்துகொண்டு இறங்குவார். சட்டைப் பையிலிருந்து காம்பு வளைந்த ஒரு பழைய சாப்பாட்டுக் கரண்டி வெளியே வரும். சாலையோரப் பள்ளத்தில் மண்டியிட்டு ஒரு செடியை வேரோடு நெம்பி எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுவார். டிரைவர் சீட்டின் மெத்தைக்குக் கீழே நேற்றைய செய்தித்தாள் தயாராக இருக்கும். அதற்குள் செடியை வைத்து, இலைகளை ஒவ்வொன்றாக நீவி, தாளை மடித்து, மெத்தையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து வண்டியைக் கிளப்புவார். தூரேயின் எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ. கடைசி நிறுத்தம் வருவதற்குள் செடி அப்பளமாகிவிடும்.

எங்கள் ஹுல்தபெர்க்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. மே மாதத்தில் பல் டாக்டரிடம் நேரம் கேட்கும்போதே பத்து நிமிடம் தள்ளிக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். புதிதாக ஏறியவர் யாராவது கடிகாரத்தைப் பார்த்து நெளிந்தால், பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "பூப்பறிக்கப் போயிருக்காரு, வந்துருவாரு" என்று சமாதானம் சொல்லும். ஒரு தடவை மேலிடத்துக்குப் புகார் போனது. விசாரிக்க வந்த அதிகாரி ஒரு நாள் முழுக்க அதே பஸ்ஸில் சுற்றிவிட்டு, மாலையில் கையில் ஒரு செய்தித்தாள் மடிப்போடு இறங்கிப் போனதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டு அவர் பறிப்பது ஏதோ அபூர்வ மூலிகை என்று நினைத்துவிடாதீர்கள். டேன்டேலியன். எங்கள் பேச்சில் அதன் பெயரைப் பிரித்தால் 'புழு ரோஜா' என்று வரும். வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்து, வெள்ளைப் பஞ்சு உருண்டையாகக் காய்ந்து, ஒரு ஊது ஊதினால் ஊரெல்லாம் பறந்து முளைக்கிறதே, அதே களை. எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கி எறிகிற சனியன். நான் மர ஆலையில் வேலை பார்க்கிறவன், பெயர் பெர்த்தில். வேலை நேரம் போக என் உயிர் என் புல்தரையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அண்டைவீட்டுக்காரர், புழுரோஜாவைப் பாத்தி கட்டி, வரிசை போட்டு, பெயர்க்குச்சி நட்டு வளர்க்கிறவர். தலையெழுத்து என்பதற்கு வேறு என்ன உதாரணம் வேண்டும்?

வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் குடியிருக்கத் தொடங்கி முப்பது வருடமாகிறது. மூன்றாம் வருடம் என் பொறுமை போயிற்று. என் புல்தரையில் பிடுங்கிய மஞ்சள் தலைகளை ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு போய் அவர் சமையலறை மேஜையில் கொட்டினேன். இதையெல்லாம் நீயே வைத்துக்கொள் என்றேன். அவர் கோபப்படவில்லை. மேஜையைப் பார்த்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, குவியலைக் கிளறி ஐந்து பூக்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸை என் கையில் கொடுத்தார்.

"எல்லாம் ஒண்ணுதானேன்னு சொல்றே. மஞ்சளை விடு, அதைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. அடியில பச்சையா செதில் இருக்கு பாரு. இதுல கீழ மடங்கித் தொங்குது. இதுல நிமிந்து நிக்குது. இதுல மேல வெள்ளையா பவுடர் போட்ட மாதிரி இருக்கு. இதோட நடுவுல இருக்கற நாக்கைப் பாரு, கருப்பு. அதுல மஞ்சள். இந்தா, இதைத் தொடு. விரல்ல தூள் ஒட்டுதா? ஒட்டல. இதுக்கு மகரந்தமே கிடையாது."

லென்ஸுக்குள் ஐந்தும் ஐந்தாகப் பிரிந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. பிறந்ததிலிருந்து நான் மிதித்து நடந்த பூ. பல்லாயிரம் பிடுங்கியிருப்பேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் புல்தரையில் மட்டும் பதினேழு இனம் இருக்கிறது என்று தூரே சொன்னபோது, ஏதோ எனக்கு விருது கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாளியை எடுத்துக்கொள்ள மறந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்பன் கிடையாது என்பார் அவர். வண்டு வரும், தேன் குடிக்கும், போகும். ஆனால் விதை உண்டாக அந்த வண்டால் ஒரு உபகாரமும் இல்லை. தாய் தன் போக்கில் விதை கட்டும். அதிலிருந்து வருவது தாயின் அச்சு அசல். அதன் மகளும் அப்படியே, அதன் பேத்தியும் அப்படியே. எத்தனையோ ஆயிரம் வசந்தங்களாக ஒரே முகம் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்து நம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது. அதனால்தான் ஒவ்வொரு கொடிவழியையும் தனி இனம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் நாட்டில் மட்டும் பல நூறு. இல்லை, இதையெல்லாம் இனம் என்று சொல்வதே அபத்தம், எல்லாம் ஒரே களை என்று சாதிக்கிற பேராசிரியர்களும் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால் தூரே, "பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே பாத்தா எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும், இறங்கணும்ல" என்பார். இறங்கிப் பார்க்கத் தெரிந்தவர்களை நாடு முழுக்கத் திரட்டினாலும் அவருடைய ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். பாதி சீட் காலியாக இருக்கும்.

அந்தச் சிறு கூட்டத்துக்குச் சில விதிகள் உண்டு. முதல் பூப்பில் மட்டுமே செடி எடுக்க வேண்டும், அதாவது மேயில் மூன்றே வாரம். பிறகு வருகிற இலைகள் ஏமாற்றும். இரண்டாவது விதி, புல் வெட்டிய இடத்தில் கை வைக்கவே கூடாது. வெட்டுப்பட்ட செடி மறுபடி தழைக்கும்போது வேறு முகத்தோடு வரும். வேதவாக்கு மாதிரி இதை எனக்கே நூறு முறை சொல்லியிருக்கிறார்.

அவருடைய மனைவி மார்த்தா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறார். ஒல்லி, வேக நடை, வாய் ஓயாது. புருஷனின் களைகளைப் பற்றி அவர் சொல்லாத கேலி இல்லை. ஆனால் அவர்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பக்கம் மாட்டியிருக்கிறது. சின்னத் தாவரவியல் பத்திரிகை ஒன்றின் பக்கம், முழுக்க லத்தீன். திருமணத்துக்கு இரண்டு வருடம் கழித்து தூரே வெளியிட்ட புது இனத்தின் விவரம் அது. பெயர் மார்த்தாவுடையது, லத்தீனுக்காக வாலை மட்டும் வளைத்திருக்கிறது. மார்த்தாவுக்கு லத்தீன் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். சூப் ஊற்றும்போது பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் அங்கேயும் ஒப்பிப்பார்.

அந்தப் பூ கிடைத்த கதை ஊருக்கே தெரியும். மார்த்தாவின் ஊர் சர்ச்சில் கல்யாணம், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. மாப்பிள்ளைக் கோலத்தில் தேவாலயத் தோட்டத்தில் நின்ற தூரேயின் கண்ணில் ஒரு புழுரோஜா பட்டது. இலை ஓரத்தில் பற்களே இல்லை. நுனி கரண்டி போல அகன்றிருந்தது. அப்படி ஒன்றை அவர் எங்கேயும் கண்டதில்லை. கோட்டுப் பைக்குள் இருந்த பாட்டுப் புத்தகத்தில் அதை வைத்து அழுத்திக்கொண்டுதான் மணமேடைக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தச் செடி யாருக்கும் அகப்படவில்லை. பட்டியல்களில் அதன் பக்கத்தில் 'ஒரே இடம், இப்போது இல்லை' என்று போட்டிருக்கும். "பாத்துப் பேசு பெர்த்தில், நான் அழிஞ்சுபோன இனம்" என்று மார்த்தா என்னை மிரட்டுவார். ஆனாலும் முப்பத்து மூன்று வருடமாக, ஒவ்வொரு கல்யாண நாளன்றும் பிளாஸ்க்கில் காபியும் பட்டை மணக்கும் பன்னுமாக இருவரும் அந்த சர்ச்சுக்குப் போய், கல்லறைகளுக்கு நடுவே மண்டியிட்டுத் தேடிவிட்டு வருவார்கள். அந்தப் பூவைத் தேடி டென்மார்க்கிலிருந்து ஒரு தம்பதி இரண்டு முறை வந்து போனார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான். போன ஏப்ரலில் தானாகவே ஓடிப் புல் வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். ஆமை அளவு இருக்கும், சத்தமே இருக்காது. மே முதல் வாரத்தில் ஒரு நாள் நான் ஆலைக்குப் போயிருந்தபோது அது வேலிக்கு அடியில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்து அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால், தூரேயின் பதினோராம் பாத்தி தரையோடு தரையாகக் கிடக்கிறது. நல்ல வேளை, அது செங்காம்பு என்று அவர் அழைக்கும் வகை. எங்கள் ஊர்ச் சாலையோரம் முழுக்க அதுதான், பஸ் நிறுத்தங்களில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். "விடுப்பா, இது போனா இன்னும் ஒரு லட்சம் இருக்கு" என்று தூரேயே எனக்கு ஆறுதல் சொன்னார்.

மே மூன்றாம் வாரத்தில் அந்தப் பாத்தி மறுபடி தழைத்துப் பூத்தது. ஒரு மாலை ஆலையிலிருந்து வந்தபோது தூரே அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார். நான் காலணி கழற்றி, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அதே இடத்தில் அப்படியே இருந்தார். வேலியைத் தாண்டிப் போனேன். அவர் ஒரு இலையை விரலால் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் பற்கள் இல்லை. நுனி கரண்டி போல அகன்றிருந்தது. அவருடைய தொடை மேல் கல்யாணத்தன்று பறித்த செடியை ஒட்டிய பழைய தாளின் புகைப்படம் ஒன்று இருந்தது. நான் புகைப்படத்தைப் பார்த்தேன், பாத்தியைப் பார்த்தேன். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனோம். மார்த்தா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தூரே வாசற்படியிலேயே நின்று, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உங்க சர்ச்சுல புல்லு வெட்டினாங்களா?"

"வெட்டாம? முழங்கால் உயரம் வளந்து கிடந்துச்சு. அம்மா போய் சண்டை போட்டுல்ல வெட்ட வெச்சாங்க. ஏன்?"

"சும்மாதான்" என்றார் தூரே.

அன்றைக்குப் பிறகு நாற்பத்தேழாம் நம்பர் பஸ் சரியான நேரத்துக்கு ஓடத் தொடங்கியது. எங்கும் நிற்கவில்லை. சீட்டுக்கடியில் செய்தித்தாளும் இல்லை. பயணிகள் கவலைப்பட்டார்கள். தூரேக்கு உடம்புக்கு என்ன என்று பின்சீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். பத்து நிமிடம் முன்னதாகவே போய் பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாண நாளுக்கு முந்தைய மாலை அவரைத் தனியாகப் பிடித்தேன். விஷயம் உலகத்திலேயே நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும், என் வாய் திறக்காது, மார்த்தாவின் பூ அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். அழிந்துபோனதாகத்தானே எழுதியிருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்? தூரே வெகுநேரம் தன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டென்மார்க் ஆளுங்க மறுபடி வருவாங்கய்யா. அவங்க இல்லன்னா வேற எவனாவது வருவான். இல்லாத ஒண்ணைத் தேடி அந்தப் புல்லுல முட்டி தேய நிப்பான். நான் எழுதினதை நம்பித்தானே வர்றான்?" கரண்டியைப் பைக்குள் செருகிக்கொண்டு சொன்னார்: "அது எங்கயும் போகலப்பா. அங்கயேதான் இருந்திருக்கு. முப்பத்து மூணு வருஷமா அது மேலயே நடந்து அதைத் தேடியிருக்கேன்." அவர் குரலில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. ஒரு களை, ஒரே ஒரு வெட்டு வாங்கி, இன்னொரு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, அவரைப் போன்ற ஒருவரை அரை ஆயுள் காலம் ஏமாற்றியிருக்கிறது. அதை நினைக்க நினைக்க எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

சர்ச்சில் நடந்ததை மார்த்தாதான் பின்னால் எனக்குச் சொன்னார். வழக்கம் போலப் போயிருக்கிறார்கள். தூரே பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மார்த்தா மட்டும் வலிக்கிற முழங்காலோடு கல்லறை வரிசையில் மண்டியிட்டு, ஒவ்வொரு செடியாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். மூன்றாவது வரிசையில் தூரேக்குத் தாங்கவில்லை.

"எந்திரி மார்த்தா. தேட வேணாம். அது இங்கதான் இருக்கு."

"எங்க?"

"நீ எது மேல முட்டி போட்டிருக்கியோ, அதுதான்."

மார்த்தா குனிந்து பார்த்திருக்கிறார். "இது பஸ் ஸ்டாப்புல இருக்கறதாச்சே" என்றிருக்கிறார். பிறகு தூரே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா போட்ட சண்டை, வெட்டின புல், என் இயந்திரம். மார்த்தா காபியைக் குடித்து முடித்திருக்கிறார். எழுதிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். இன்னும் இல்லை. எழுதாவிட்டால் யாருக்காவது தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் எதற்கு என்னிடம் சொன்னாய் என்று கேட்டிருக்கிறார். "உன்கிட்ட சொல்லாம எப்படி" என்று தூரே முனகினாராம். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. வாய் ஓயாத மார்த்தா மௌனமாகத் துணி உலர்த்துவதை வேலிக்கு இப்பால் இருந்து பார்க்கச் சகிக்கவில்லை. குற்றவாளி நானல்லவா?

மூன்றாம் நாள் காலை மார்த்தா வேலியருகே வந்து, "பெர்த்தில், வெள்ளிக்கிழமை உன் கார் சும்மாதானே இருக்கு?" என்றார்.

பல்கலைக்கழக நகரத்துக்கு நாங்கள் மூவரும் காரில் போக இரண்டு மணி நேரம். பஸ் ஓட்டுகிற தூரேக்குக் காரில் போனால் தூக்கம் வரும், அன்றைக்கு வரவில்லை. உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கிற காப்பகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் தலையை அண்ணாந்தேன். கூரை வரைக்கும் அலமாரி, அலமாரி நிறையத் தாள், தாளுக்கு ஒரு செடி. புழுரோஜாவுக்கு மட்டும் ஒரு சுவர் முழுவதும். காப்பாளராக இருந்த பெண் நாலைந்து கட்டுகளைப் பிரித்துக் காட்டினார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பாதிரியார் பறித்தது. அதற்கடுத்தது ஒரு ரயில்வே குமாஸ்தா பறித்தது. அதற்கடுத்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பனி உருகும் கரையில் பறித்தது. மஞ்சள் எப்போதோ போய்விட்டது. ஆனால் இலைகள் ஒவ்வொன்றும் அதனதன் வெட்டோடு, அதனதன் பற்களோடு நின்றன. ஒன்று போல இன்னொன்று இல்லை. இத்தனை பேர் இத்தனை வசந்தங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள், மிதித்துக்கொண்டு போய்விட மனம் வராத ஒரே குற்றத்துக்காக. என் வாளிகளை நினைத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

மார்த்தாவின் தாள் தனியாகச் சிவப்பு உறைக்குள் இருந்தது. இந்த இனம் என்றால் இந்தச் செடிதான் என்று உலகத்துக்குச் சாட்சி சொல்லும் தாள்களுக்கு மட்டும் அந்த உறை. பாட்டுப் புத்தகத்தின் வரிகள் மெல்லிய நிழலாக இலையில் பதிந்திருந்தன. கீழே தூரேயின் இளவயதுக் கையெழுத்தில் பெயர், இடம், கல்யாணத் தேதி. மார்த்தா அதை முதன்முறையாகப் பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டம் போட்ட பக்கத்தைத்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார்.

"இது சின்னதா இருக்கு" என்றார்.

தூரே செதில்களை லென்ஸில் பார்த்தார். நாக்கின் நிறத்தைப் பார்த்தார். காம்பின் அடியை வெகுநேரம் பார்த்தார். முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகும் அங்கே லேசான செம்மை இருந்தது. லென்ஸை மார்த்தாவிடம் நீட்டினார். மார்த்தா குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பெயர் எழுதியிருந்த பழைய சீட்டைக் கிழித்துவிட வேண்டுமா என்று கேட்டேன். காப்பாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். யார் என்ன பிழை செய்திருந்தாலும் இங்கே எதையும் கிழிப்பதில்லை, அடுத்தவர் தான் கண்டதைப் புதுச் சீட்டில் எழுதிக் கீழே ஒட்டுவார், அவ்வளவுதான் என்றார். தபால்தலையைவிடச் சற்றே பெரிய ஒரு வெள்ளைச் சீட்டையும் கறுப்பு மையையும் கொடுத்தார். தூரே செங்காம்பின் லத்தீன் பெயரை எழுதினார். அடியில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதினார். பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற கை, மூன்று வரி எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது.

"எழுதிட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"என்னை எதுகூட சேத்திருக்கே?" என்றார் மார்த்தா.

"செங்காம்பு."

மார்த்தா யோசித்தார். "அது நல்ல பூதான்" என்றார்.

தூரே சீட்டின் பின்புறம் பசை தடவித் தாளில் வைத்தார். ஒரு மூலை ஒட்டாமல் மேலே எழும்பியது. அவர் அதை நீவினார், மறுபடி எழும்பியது. மூன்றாவது தடவை கையை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மார்த்தா தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மேஜையோரம் வந்து, கட்டைவிரலை அந்த மூலையில் வைத்து அழுத்தினார். பசை காயும்வரை எடுக்கவில்லை.